"காது கேட்கிறதா?" என்று கேட்டால் போதாது

பின்வரிசையில் இருப்பவர்களுக்கு நான் பேசுவது கேட்கிறதா? தலையாட்டுகிறீர்கள், சரி. நான் இன்றைக்குப் பேச வந்ததும் இதே கேள்வியைப் பற்றித்தான். காசநோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிற ஒருவரிடம் டாக்டர் "காது நன்றாகக் கேட்கிறதா?" என்கிறார், அவரும் "கேட்கிறது" என்கிறார், நோட்டில் ஒரு டிக் விழுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த டிக்கை நம்பக் கூடாது.

எந்த ஊசி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண காசநோய்க்கு இன்றைக்கு ஊசியே வேண்டாம், ஆறு மாதம் மாத்திரைதான். நான் சொல்வது ஸ்ட்ரெப்டோமைசின், கானாமைசின், அமிகாசின் என்கிற அமினோகிளைக்கோசைடு வகை மருந்துகள். பொதுவாக மாத்திரைக்கு மசியாத காசநோய்க்கு இவற்றைக் கொடுத்தார்கள். ஊசி என்றாலே வீரியம் அதிகம் என்று நமக்கு ஒரு நினைப்பு. இந்த மருந்துகளை ஊசியாகப் போடுவதற்குக் காரணம் வேறு: விழுங்கினால் குடல் இவற்றை உறிஞ்சாது. அவ்வளவுதான்.

ஸ்ட்ரெப்டோமைசினை 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தார். 1952-இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் கிடைத்தது, ஷாட்ஸ் அதற்கு முன்பே நீதிமன்றம் வரை போயிருந்தார், அது தனிக் கதை. 1948-இல் பிரிட்டனில் ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. ஊசி போட்ட 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர், படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்த 52 பேரில் 14 பேர். அதிசய மருந்து என்று கொண்டாடியதில் தப்பில்லை. ஆனால் சில ஆண்டுகளில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோனது, ஏனென்றால் தனியாகக் கொடுத்த அந்த ஒரு மருந்துக்குக் கிருமி பழகிவிட்டது. காசநோயில் எந்த மருந்தையும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டோம். அந்தச் சோதனையில் ஊசி போட்டவர்களில் பாதிக்கு மேல் தலைசுற்றலும் வந்தது, உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்வதும் உள்காதுதான். அதைக் குறைக்கலாம் என்று மருந்தின் மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றி டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் என்று ஒன்றைச் செய்து பார்த்தார்கள். தலைசுற்றல் குறைந்தது, காது போனது!

காதில் என்னதான் நடக்கிறது? உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற நுனிகளோடு வரிசையாகச் செல்கள் நிற்கும். ஒலி வரும்போது அந்த நுனிகள் அசைந்து, செல்லில் சின்னக் கதவுகள் திறக்கும். இந்த மருந்து அதே கதவு வழியாக உள்ளே நுழைந்து, ரத்தத்திலிருந்து வெளியேறிய பிறகும் அங்கே வெகுநாள் தங்கி, செல்லைச் சாகடிக்கிறது. கோழிக்குஞ்சுக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது.

சுருளின் அடிப்பக்கத்தில் இருக்கிற செல்கள்தான் முதலில் சாகும். கீச்சென்ற உச்ச ஒலிகளைக் கேட்பவை அவை. நாம் பேசுகிற பேச்சில் முக்காலே மூணு வீசம் 4000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 4000 அதிர்வுக்கு, கீழேதான் இருக்கிறது, சேதமோ பெரும்பாலும் 8000-க்கு மேலே ஆரம்பித்து மெல்லக் கீழே இறங்கி வரும். அதனால் டாக்டர் கேட்பது நோயாளிக்கு நன்றாகவே கேட்கும், அவரும் உண்மையாகவே "கேட்கிறது" என்பார், அதற்குள் உள்ளே மேல்மாடி இடிந்து முடிந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு நோயாளி, இளைஞர்தான், தன் கைக்கடிகாரத்தின் அலாரம் கெட்டுவிட்டது என்று பழுதுபார்க்கக் கொண்டுபோனார். கடிகாரம் நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே ஆடியோமெட்ரி, அதாவது ஹெட்போனை மாட்டி ஒவ்வொரு ஸ்தாயியாக ஒலியை விட்டுச் செய்கிற செவிச் சோதனை, முதல் ஊசிக்கு முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். அந்த முதல் அளவு இல்லையென்றால் பின்னால் எதோடு ஒப்பிடுவது? அப்புறம் குறைந்தது மாதம் ஒருமுறை, முடிந்தால் அதைவிட அடிக்கடி, 8000 வரையிலாவது பார்க்க வேண்டும், அதற்கு மேலேயும் பார்க்கிற கருவி இருந்தால் விடாதீர்கள். காதில் ரீங்காரம், இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம், தலையைத் திருப்பினால் பார்வை ஆடுவது, இதில் எது வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன்னால் சொல்லுங்கள். "இன்னும் பத்து ஊசிதானே, முடித்துவிடுவோம்" என்று பல்லைக் கடிக்கிறார்களே, அந்தப் பத்தில்தான் காது போகும். அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். மாற்ற வேண்டியது ஊசியை, சிகிச்சையை அல்ல.

அடுத்தது சிறுநீரகம். இந்த மருந்து வெளியே போக அந்த ஒரு வழிதான். அது அடைபட்டால் மருந்து உடம்பில் தேங்கும், தேங்கினால் காதுக்கும் சேர்த்து அடி. நல்லவேளை, சிறுநீரகச் சேதம் பெரும்பாலும் சரியாகிவிடும். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின், அப்புறம் பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் ரத்தத்தில் அவ்வப்போது பார்க்க வேண்டும். அமிகாசின் பொதுவாக ஒரு கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 750 முதல் 1000 மில்லிகிராம். எடையைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதுவது இங்கே ஆகாது, தராசில் ஏற்ற வேண்டும், மாதாமாதம் ஏற்ற வேண்டும். அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அளவையோ ஊசி போடும் நாட்களையோ குறைக்க வேண்டும்.

நீங்கள் டாக்டரிடம் மறைக்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு. நீர் பிரியச் சாப்பிடுகிற ஃபியூரோசமைடு மாத்திரை, இது ஊசியோடு சேர்ந்தால் காதுக்கு இரட்டை ஆபத்து. மூட்டுவலிக்குத் தினமும் போடுகிற வலி மாத்திரை. கர்ப்பம், ஏனென்றால் ஸ்ட்ரெப்டோமைசின் கருவிலிருக்கும் குழந்தையின் காதையே கெடுக்கும். தசைச்சோர்வு நோய். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடலாம். அம்மா வழி உறவில் யாருக்காவது இப்படி ஓர் ஊசிக்குப் பிறகு காது போயிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிற ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது, அது உள்ளவர்களுக்குச் சரியான அளவில் போட்டாலும் காது போய்விடலாம்.

ஊசி போடுகிற நர்ஸ்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் அதே இடத்தில் குத்தாதீர்கள், மாற்றி மாற்றிப் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஸ்ட்ரெப்டோமைசின் கையில் பட்டுப் பட்டுத் தோல் வெடித்துப் போனவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலின்படி, மருந்துக்கு மசியாத காசநோய்க்குக் கானாமைசினும், இதே மாதிரி ஊசியாகப் போட்டுவந்த கேப்ரியோமைசினும் இனி வேண்டாம். கிருமி மசிகிறது என்று பரிசோதனை காட்டி, செவிச் சோதனைக்கும் வசதி இருந்தால்தான் அமிகாசினைப் பற்றி யோசிக்கலாம். பெடாகுவிலின் என்ற புது மாத்திரை வந்த பிறகு, மாத்திரையை மட்டும் வைத்தே முழுச் சிகிச்சையும் பலருக்குச் சாத்தியமாகிவிட்டது. ஆகவே உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இந்த ஊசியை எழுதினால் தயங்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்குப் பதில் மாத்திரை கிடையாதா? இல்லையென்றால், செவிச் சோதனை எப்போது, எங்கே? இரண்டாவதற்குப் பதில் வராமல் சட்டைக் கையை மடிக்காதீர்கள். ஊசி முடிந்த பிறகும் சில மாதம் அந்தச் சோதனைக்குப் போய்வர வேண்டும், மருந்து காதைவிட்டு மெதுவாகத்தான் கிளம்பும்.