பதினான்காவது குழியில் நடந்தது

நேயர்களுக்கு என் வணக்கம். அண்மையில் முடிந்த கோல்ஃப் போட்டியில் ஒரே ஒரு ஸ்ட்ரோக் (பந்தை ஒருமுறை அடிப்பது; குறைவாக அடித்தவரே வெல்வார்) வித்தியாசத்தில் நான் இரண்டாமிடம் பெற்றேன். நான்கு நாள்கள், 72 குழிகள் ஆடிய பிறகு, கடைசிக் குழியில் எட்டு அடி தூரத்திலிருந்து நான் உருட்டிய பந்து விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியிலேயே நின்றுவிட்டது. அது விழுந்திருந்தால் சமநிலையை முறிக்கும் பிளேஆஃப் ஆடியிருப்போம். பதற்றத்தில் கை நடுங்கிவிட்டது என்று பலரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். கை நடுங்கவில்லை, நினைத்த கோட்டில், நினைத்த வேகத்தில்தான் அடித்தேன்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். எட்டு அடி தூரத்திலிருந்து உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறத்தாழ பாதித் தடவைதான் பந்தை ஒரே ஸ்ட்ரோக்கில் உள்ளே விடுகிறார்கள். பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஆகவே, ஏன் தவறவிட்டேன் என்பதைவிட, வெற்றியை அப்படியொரு பட்டின் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் ஸ்ட்ரோக்) கையில் ஒப்படைக்கும் நிலைக்கு ஏன் வந்தேன் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பன்னிரண்டாவது குழியில் நாற்பது அடிக்கும் கூடுதலான தூரத்திலிருந்து நான் உருட்டிய பந்து, மேடேறி, வளைந்து, உள்ளே விழுந்து பேர்டி (அந்தக் குழிக்கு வகுத்த எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு) ஆனது. அருகில் போய் நின்றால் போதும் என்றுதான் அதை அடித்திருந்தேன். கைதட்டல் எழுந்ததும், அது என் திறமையால் விழுந்தது என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். ஒரு ஸ்ட்ரோக் முன்னணியோடு பதினான்காவது குழிக்கு வந்தபோதும் அந்த மிதப்பு இறங்கவில்லை.

அது பார் நான்கு குழி, அதாவது நான்கு ஸ்ட்ரோக்குகளில் முடிக்க வேண்டிய குழி. ஃபேர்வேயில் (புல்லைச் சீராக வெட்டிய நடுப்பாதையில்) பந்து நல்ல இடத்தில் கிடந்தது. குழியைக் காட்டும் கொடி ஏறத்தாழ 150 கஜத்தில், கிரீனின் (குழியைச் சுற்றியுள்ள மென்புல் பரப்பின்) இடது ஓரத்தில், மணற்குழியை ஒட்டி நின்றது. காற்றோ வலமிருந்து இடமாக வீசியது. நடுவில் இறக்கினால் முப்பது அடி பட் மிஞ்சும், இரண்டில் முடித்தால் பார் என்று என் கேடி (பையைச் சுமந்து யோசனை சொல்லும் உதவியாளர்) சொன்னார். எங்கள் தரத்தில் முப்பது அடியிலிருந்து இரண்டு பட் என்பது சராசரிக் கணக்கு. அதில் வீரம் ஒன்றுமில்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கொடியையே குறிவைத்தேன். காற்று தள்ளிய பந்து மணலில் புதைந்தது. அதை வெளியே எடுத்தபோது கிரீனைத் தாண்டி மறுபுறம் ஓடியது. அங்கிருந்து ஒரு சிப் (கிரீனுக்கு வெளியிலிருந்து தூக்கி அடிக்கும் குறுகிய ஸ்ட்ரோக்), பிறகு இரண்டு பட்: மொத்தம் ஆறு, டபுள் போகி, அதாவது பாரைவிட இரண்டு கூடுதல். ஒரு ஸ்ட்ரோக் முன்னால் இருந்தவன் ஒரு ஸ்ட்ரோக் பின்னால் போனேன். எஞ்சிய குழிகளில் நானும் என்னோடு ஆடி இறுதியில் வென்றவரும் பார் மட்டுமே எடுத்ததால், அந்த இடைவெளி கடைசிவரை அப்படியே நின்றது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஏராளமான ஸ்ட்ரோக்குகளின் பதிவுகளை ஆராய்ந்து, சிறந்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பதில் பட்டிங்கைவிட கிரீனை நோக்கி அடிக்கும் நீண்ட ஸ்ட்ரோக்குகளுக்கே பெரும்பங்கு என்று காட்டினார். இதை நான் முன்பே படித்திருக்கிறேன், இளையவர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். (படித்தது களத்தில் நினைவுக்கு வருவதற்கும் தனிப் பயிற்சி வேண்டும் போலிருக்கிறது!) இப்போது பயிற்சித் திடலில் கொடியை ஓரத்தில் நடச் சொல்லிவிட்டு, அதைப் பார்த்தபடியே நடுவில் பந்தை இறக்கிப் பழகுகிறேன். கேட்க எளிது, கண் கொடியை விட மறுக்கிறது.

என் கேடி அந்தக் குழியைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள், தூரங்களைக் குறித்துவைக்கும் அவருடைய சிறு ஏட்டை வாங்கிப் புரட்டினேன். பதினான்காவது குழிக்கான பக்கத்தில், கிரீனின் நடுவே பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார். இறுதிச் சுற்று தொடங்குவதற்கு முன்பே போட்டதாம்.