தாம்பரம் டூ சொந்த ஊர் நடைபயணம்: 29வது நாள், கயத்தாறுல இருந்து வீடு வரைக்கும்

வணக்கம் மக்களே, வாய்ஸ் கேக்குதா, காத்து பயங்கரமா அடிக்குது, அதான் மைக்குக்கு ஒரு சாக்ஸ மாட்டி விட்டுருக்கேன், தொவச்ச சாக்ஸ்தான், மூஞ்ச சுளிக்காதீங்க. மணி காலைல 5:10. கயத்தாறு. தாம்பரத்துல மார்கழி 1 அன்னைக்கு கெளம்புனது, இன்னைக்கு போகி, மார்கழி முடியுது, நானும் முடிக்கணும். கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் போயாச்சு, பாக்கி 23. எங்க ஊரு திருநெல்வேலி பக்கம், சீவலப்பேரிக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி, பேர் சொல்ல மாட்டேன், சொன்னா எங்க அம்மா ஏசும், ஏற்கனவே ஊர் பூரா "ஒம் மவனுக்கு என்ன கோட்டியா"ன்னு கேட்டு கேட்டு வெறுத்துப் போயிருக்காங்க.

இந்தா இருட்டுக்குள்ள தெரியுதா, கட்டபொம்மன் சிலை. 1799 அக்டோபர் 16, இந்த ஊர்லதான் தூக்குல போட்டான் வெள்ளக்காரன். புதுக்கோட்டை பக்கம் புடிச்சி இங்க கொண்டாந்தாங்க, அப்ப அந்த மனுசனும் வடக்க இருந்து தெக்கதான் வந்துருக்காரு, நான் வந்த தெசைலயே. பஸ்ல போகும்போது இந்த சிலைய நான் ஒரு வாட்டி கூட பாத்ததில்ல, இந்த இடம் வரும்போது ஜன்னல்ல தலைய முட்டிக்கிட்டு தூங்கிட்டு இருப்பேன்.

ஏன்டா நடக்குறேன்னு டெய்லி கமெண்ட்ல கேக்குறீங்கள்ல, இதான் மேட்டர், வேற பெரிய தத்துவம் ஒண்ணுமில்ல. பத்து வருசமா சென்னைல வேல, வருசத்துக்கு நாலு தடவ ஊருக்கு வருவேன், நாலு தடவையும் நைட் பஸ், பெருங்களத்தூர்ல ஏறி கண்ண மூடுனா கோவில்பட்டி, கயத்தாறு எல்லாம் தாண்டி கடலமிட்டாய் விக்கிறவன் சத்தத்துலதான் முழிப்பேன், நடுவுல இருக்குற அம்புட்டு ஊரும் எனக்கு வெறும் போர்டு. சரி ஒரு தடவ முழிச்சிக்கிட்டு வருவோம்னு தோணுச்சு, வேலைய விட்டு ரெண்டு மாசம் கேப் இருந்துச்சு, கெளம்பிட்டேன். பொங்கல் நேரத்து ஆம்னி பஸ் டிக்கெட் வெலையும் ஒரு காரணம்னு வச்சிக்கோங்களேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன், சில பேரு "சாதனை", "வேற லெவல்"னு போடுறீங்க, வேண்டாம். 2020 லாக்டவுன்ல பிள்ளைய தோள்ல தூக்கிக்கிட்டு, செருப்பு அந்து போயி மாநிலம் மாநிலமா நடந்தாங்க பாருங்க, அவங்களுக்கு வேற வழி இல்ல. எனக்கு கால் வலிச்சா அடுத்த ஸ்டாப்புல பஸ் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா பேசாதீங்க.

சரி நடப்போம்.

மணி 7:40, வெயில் வந்துருச்சு. ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துது, கரண்டு எடுக்குற பெரிய காத்தாடி, பக்கத்துல போனா ஊஉஊம்னு ஒரு சத்தம், பஸ்ல இருந்து பாத்தா சத்தமே இல்லாம சுத்துற மாதிரி இருக்கும். நான் ரோட்டுக்கு வலது பக்கமா நடக்குறேன் கவனிச்சீங்களா, எதிர்த்தாப்புல வர்ற வண்டி நமக்குத் தெரியணும், முதுகுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு தெரியாம நடக்குறது ஆபத்து, செங்கல்பட்டு தாண்டி ஒரு லாரிக்காரர் நிப்பாட்டி ஏசுனதுக்கு அப்புறம் கத்துக்கிட்டது.

காலக் காட்டு காலக் காட்டுன்னு கேட்டவங்களுக்கு, இந்தா பாருங்க, சாப்புடுறவங்க மட்டும் கொஞ்சம் தள்ளி விட்டுருங்க. இது எடது கால் சுண்டு விரல், நகம் துவரங்குறிச்சிலயே கழண்டு விழுந்துருச்சு. இது குதிகால், பழைய கொப்புளத்து மேல புதுக் கொப்புளம், அதுக்கு மேல தோல் காஞ்சி கருவாடு மாதிரி ஆயிருக்கு. கெளம்பும்போது ஷூ கரெக்ட் சைஸ்ல வாங்குனேன், அதான் தப்பு. டெய்லி 20, 25 கிலோமீட்டர் நடந்தா சாயங்காலத்துக்குள்ள கால் வீங்கும், விரல் முன்னாடி போயி இடிச்சு நகம் கருத்துரும். ஒரு சைஸ் பெருசா வாங்கிருக்கணும். விராலிமலைல ஷூவ தூக்கிப் போட்டுட்டு பின்னாடி வார் வச்ச செருப்பு வாங்குனேன், அதுக்கப்புறம்தான் மனுசனானேன். கொப்புளத்துல ஊசி நூல் கோத்து தண்ணிய எறக்குனது நான் செஞ்சது, நீங்களும் செய்ங்கன்னு சொல்லல, சீழ் வச்சா நான் பொறுப்பில்ல.

ஏய் இத பாருங்க, சர்வீஸ் ரோடு பூரா மக்காச்சோளம் காயுது. முந்தாநாள் பேஞ்ச மழைக்கு தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தத இப்பதான் விரிச்சு விட்டுருக்காங்க. அங்கன ஒரு ஆச்சி கம்போட நிக்கி. மிதிக்காமப் போவோம்னு நான் ஓரமா ஒதுங்குறேன், அந்த ஆச்சி கூப்புட்டு, "சாமி, திருச்செந்தூருக்குத்தான நடக்கியோ, அப்படியே கால வச்சி கிளறி விட்டுட்டுப் போங்க, ஒங்களுக்கும் வழி, எனக்கும் வேல"ங்குது. செருப்ப கையில எடுத்துக்கிட்டு நூறு அடிக்கு வெறுங்காலோட சோளத்த சால் ஓட்டுற மாதிரி கிளறிக்கிட்டே வந்தேன். கொப்புளத்துக்கு அடியில சூடா, உருண்டு உருண்டு, சத்தியமா மசாஜ் மாதிரி இருந்துச்சு மக்களே. திரும்பி ஒரு தடவ போலாமான்னு யோசிச்சேன்.

இந்த "சாமி" மேட்டர் ஒங்களுக்கு சொல்லணும். இப்ப தைப்பூச சீசனு, திருச்செந்தூருக்கு பச்ச வேட்டி கட்டிக்கிட்டு கூட்டம் கூட்டமா நடந்து போறாங்க, முன்னாடி ஒரு குட்டியானை வண்டில முருகன் படம், ஸ்பீக்கரு, சீரியல் பல்பு. என் பை, தாடி, நடை எல்லாத்தையும் பாத்துட்டு எல்லாரும் நானும் அந்த கோஷ்டின்னே முடிவு பண்ணிர்றாங்க. "என்ன வேண்டுதல் சாமி?" "வேண்டுதல் இல்லண்ணே, வீட்டுக்குப் போறேன்." "வீடு எங்க?" "சீவலப்பேரி பக்கம்." "எங்க இருந்து வாறிய?" "தாம்பரம்." அவ்வளவுதான், அதுக்கு மேல அவரு பேச மாட்டாரு, என்னைய ஒரு மாதிரி பாத்துக்கிட்டே போயிருவாரு. வேண்டுதலுக்குன்னு நடந்தா பக்தி, சும்மா நடந்தா கிறுக்கு. இந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்லி அலுத்துப் போயி நேத்து கோவில்பட்டி தாண்டி ஒரு அன்னதானப் பந்தல்ல "ஆமா திருச்செந்தூர்தான்"னு சொல்லிட்டேன், சுக்கு காப்பியும் ரெண்டு இட்லியும் குடுத்தாங்க. நெத்தில விபூதி பூசி விட்டாங்க வேற. முருகா மன்னிச்சிரு, ஒரு நாள் உண்மையிலேயே நடந்து வாறேன்.

மணி 10:50. கங்கைகொண்டான். சிப்காட் தாண்டியாச்சு, இந்தப் பக்கம் புள்ளிமான் சரணாலயம், ஒரு 288 ஹெக்டேர், சின்னதுதான், மான் ஒண்ணும் கண்ணுல படல. இங்கதான் என்எச்ச விட்டு எறங்குறேன். 29 நாளா தலைக்குள்ள ஹாரன் சத்தம்தான். எறங்கும்போது ஒரு காமெடி, பின்னாடி வந்த பச்ச வேட்டி கோஷ்டி மொத்தமும் "சாமி! சாமி! பாத தப்பு! நேரா போங்க!"ன்னு கத்துது. கைய ஆட்டிட்டு வந்துட்டேன். பாவம் ஒருத்தர் பின்னாடியே ஓடி வந்து கூப்புட்டாரு, அவருட்ட விளக்கம் சொல்லி அனுப்ப அஞ்சு நிமிசம்.

இந்தா சிற்றாறு. குத்தாலத்துல நாம தலைய குடுத்து குளிக்கிறோமே அதே தண்ணிதான், இங்க இப்படி அமைதியா போயி சீவலப்பேரில தாமிரபரணியோட சேந்துரும். மார்கழி கடைசிலயும் தண்ணி கெடக்கு. காலைல நான் கெளம்பும்போது கரிசல், ரோட்ட விட்டு ஒரு நிமிசம் உள்ள எறங்குனதுக்கு செருப்புல ஆளுக்கு ஒரு கிலோ அப்பிக்கிச்சு, குச்சிய வச்சி சொரண்டி எடுத்தேன். கங்கைகொண்டான் வரும்போது செம்மண்ணும் சரளையும், இப்ப ரெண்டு கிலோமீட்டர்ல வயக்காடு, பிசான நெல்லு, அதான் எங்க பக்கத்து மழைக்கால போகம், பால் பிடிக்கிற பருவம், வாசன வருது. ஒரே காலைல மூணு மண்ணு. நான் பொறந்து வளந்த ஊருக்கு இவ்வளவு கிட்டத்துல மண்ணு இப்படி மாறுதுன்னு 31 வயசுல கால்ல ஒட்டிப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிறேன். வெக்கமாத்தான் இருக்கு.

இந்த பாலத்து சுவத்துல கோடு தெரியுதா, என் நெஞ்சுக்கு மேல, காஞ்ச சகதி நிறத்துல? 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். அந்த ரெண்டு நாளு எங்க வீட்டுக்கு ஃபோன் போகல, தாம்பரத்துல ரூம்ல ஒக்காந்துக்கிட்டு நியூஸ்ல தாமிரபரணியப் பாத்துக்கிட்டு இருந்தேன், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேலன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. மூணாவது நாள் அம்மா பேசுனப்ப மொத வார்த்த, "நெல்லு பூரா போச்சுல, நீ சாப்ட்டியா?"

மணி 1:30, ஒரு பஞ்சாயத்து. எங்க மச்சான், மாமா மவன், ஸ்ப்ளெண்டர எடுத்துக்கிட்டு எதிர்ல வந்துட்டான். "ஏறுல, மூணு கிலோமீட்டர் தான, யாருக்கு தெரியப் போவுது"ங்கான். மாட்டேன்னுட்டேன். ஆனா பையக் குடுத்துட்டேன். ஒத்துக்கிறேன், 9 கிலோ பைய கடைசி மூணு கிலோமீட்டர் நான் சொமக்கல, கமெண்ட்ல கிழிங்க. குடுத்த அப்புறம்தான் தெரிஞ்சது, ஒண்ணு, தண்ணி பாட்டிலும் பவர் பேங்கும் அந்த பைக்குள்ள போயிருச்சு. ரெண்டு, பை இல்லாம நடக்க வரல! 29 நாளா முதுகுல எடை இருந்து இருந்து ஒடம்பு முன்னாடி சாஞ்சே பழகிருச்சு, இப்ப குப்புற விழப் போற மாதிரியே போறேன், சாராயம் குடிச்சவன் மாதிரி. எதிர்ல டிவிஎஸ் ஃபிப்டில பன ஓல கட்டி ஏத்திக்கிட்டு வந்த தாத்தா ஒருத்தரு, நாளைக்கு பொங்கலுக்கு அடுப்பெரிக்க விக்கிறாரு போல, என்னையப் பாத்து வண்டிய ஸ்லோ பண்ணி, "பொங்கலுக்கு முந்தின நாளே ஏத்திட்டியாய்யா"ன்னு கேட்டுட்டுப் போறாரு.

சரி. இது எங்க தெரு. சத்தமா பேசல, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் நிக்காங்க. வீடு வெள்ளையடிச்சிருக்கு. அப்பா திண்ணைல இருக்காரு, எந்திரிக்கல, வாட்ச்சதான் பாக்காரு. "மூணு மணிக்கு வந்துருவேன்னு சொன்னான், ரெண்டரைக்கே வந்துட்டான்"னு யார்ட்டயோ ஃபோன்ல சொல்லிக்கிட்டு இருக்காரு.

அம்மா வாசல்லயே நிக்காங்க, கட்டிப் புடிப்பாங்கன்னு எதிர்பாத்தேன், "ஏல ஏல ஏல நில்லு! பொங்கக்கட்டிய மிதிச்சிராத, இப்பதான் சுண்ணாம்பு அடிச்சி காவி வச்சிருக்கேன், ஈரம்!" வெளியூர் ஆளுங்களுக்காக சொல்றேன், நாளைக்கு பொங்கப் பானை வைக்கிற மண்ணுக்கட்டி, மூணையும் நட்ட நடு வாசல்ல வரிசையா காயப் போட்டுருக்காங்க. அது மேல தாண்டித்தான் உள்ள போகணும். ஒசரம் ஒரு சாண்தான் இருக்கும். மக்களே, 600 கிலோமீட்டர் நடந்த காலு, இப்ப ஒரு சாண் தூக்கச் சொன்னா தூக்க மாட்டேங்குது. சுவத்த புடிச்சிக்கிறேன். சுவரும் ஈர வெள்ளை. இரு... எடது காலு மொதல்ல... அய்யய்யோ.

பெருவிரல் பட்டுருச்சு, ஓரத்துல கொஞ்சம் சுண்ணாம்பு போயிருச்சு. அம்மா தண்ணி வாளி எடுக்கத் திரும்புனாங்க, பாக்கல. நீங்க பாத்தீங்க. கமெண்ட்ல மட்டும் போட்றாதீங்க, அவங்க ஒண்ணு விடாம எல்லாத்தையும் படிப்பாங்க.