மண்டபம் கரையில் ஓர் அறிவியல் கல்விப் பேராசிரியர்

(இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பயிற்சி மாணவர்களே, வணக்கம்.

ஓய்வு பெற்ற நம் பேராசிரியரைப் பற்றிப் பேச என்னைப் பணித்திருக்கிறீர்கள். அவர் வகித்த பதவிகள் அழைப்பிதழிலேயே அச்சாகியிருப்பதால் அவற்றைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆசிரியராகப் போகிறவர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதிலேயே ஒருவர் தம் பணிக்காலம் முழுவதையும் செலவிட்டதால், இந்தக் கடற்கரைப் பள்ளிகளுக்கு என்ன கிடைத்தது என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

சோதனை செய்து பார்த்தே அறிவியல் கற்கும் திட்டம் ஒன்று 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. 1974-இல் மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையமும், 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் உருவாயின. இந்த முயற்சிகளைக் கேள்விப்பட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் நம் பேராசிரியர்.

பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்டுவதற்காகச் சிவசுப்பிரமணிய ஐயர் தம் மாணவர்களை இராமேசுவரம் கடற்கரைக்கு அழைத்துச் சென்றதையும், அந்த மாணவர்களுள் ஒருவர் அப்துல் கலாம் என்பதையும் இம்மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. அதை ஒரு மாணவருக்கு வாய்த்த நற்பேறாகவே நாம் சொல்லி மகிழ்கிறோம். பேராசிரியரோ, அத்தகைய பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க ஆசிரியரை எப்படிப் பழக்குவது என்று கேட்டார். அவருடைய பணி முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்குக் காற்றான வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். இது மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் வகுப்பில் பருவக்காற்றின் இலக்கணத்தை ஒப்பிக்கச் சொன்னால் அதே பிள்ளை விழிக்கும். அப்பா வள்ளத்தை எந்தக் கரையில் கட்டியிருக்கிறார், ஏன் அங்கே கட்டினார் என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்குமாறு பேராசிரியர் பயிற்சி ஆசிரியர்களிடம் வலியுறுத்தினார். அதோடு விடவும் மாட்டார். மீனவர் சொன்னதாலோ புத்தகம் சொன்னதாலோ ஒன்றைச் சரியென்று ஏற்காமல், கம்பத்தில் கட்டிய துணி நாள்தோறும் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பிள்ளைகளே எழுதி வைத்து ஒப்பிட வேண்டும் என்பார். பாசிகளைப் பற்றிய பாடத்திலும் அப்படித்தான். நன்னீர்ப் பாசியான ஸ்பைரோகைராவின் படத்தைக் கரும்பலகையில் வரைவதற்கு முன், தாய்மார் தீவுகளை ஒட்டி மூழ்கி எடுக்கும் கடற்பாசிகளான மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் மேசைக்கு வர வேண்டும். அவற்றிலிருந்துதான் உணவைக் கெட்டியாக்க உதவும் அகர் எடுக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் அங்கேயே அறிய வேண்டும்.

அவர் பயிற்சியில் நான் மிக உயர்வாக மதிப்பது, கடல் நீர்மட்டம் ஏறி இறங்கும் ஓதத்தைப் பற்றிய பாடத்தை. அளவுக்கோடுகள் இட்ட கோலைக் கரையோர நீரில் நட்டு, நீர்மட்டத்தைப் பிள்ளைகள் குறித்துவருவார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றவற்றம் மிகும் என்கிறது பாடநூல். நம் கடலிலோ ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே பலத்த காற்று நீரைக் கரைப்பக்கம் தள்ளினாலே கணக்கு மாறிவிடும். புத்தகத்தோடு பொருந்தாத எண்ணைக் கண்டதும் பயிற்சி ஆசிரியர்கள் அதை அழித்துவிட்டு வரவேண்டிய எண்ணை எழுதச் சொல்வதுண்டு. அங்கேதான் பேராசிரியர் உறுதியாக நின்றார். அந்த எண்ணை அழிக்காமல், அதற்குப் பக்கத்தில் அன்றைய காற்றின் திசையை எழுதச் சொன்னார். நிலவோடு காற்றும் நீர்மட்டத்தை ஆள்கிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் பட்டியலிலிருந்தே கண்டுகொள்ள அதுவே வழியாயிற்று. அழித்திருந்தால் அந்த வகுப்பில் அறிவியலே நடந்திராது.

இந்த முறைக்கு நேரம் பிடிக்கும் என்பதும், தேர்வு நெருங்கும்போது தலைமையாசிரியர்கள் கவலைப்படுவதும் உண்மை. அந்தக் கவலையை அவர் ஒருபோதும் புறந்தள்ளியதில்லை. ஓதப் பட்டியலை வரைபடமாக்கக் கற்றுக்கொடுத்துக் கணக்குப் பாடவேளையையும் அதற்குப் பயன்படுத்தச் செய்தார்.

ஆசிரியப் பயிற்சியை நடத்தும் பொறுப்பில் உள்ளோர் இங்கே அமர்ந்திருப்பதால் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்களிடம் இன்றும் பாடக்குறிப்பின் அழகுக்கே மதிப்பெண் இடுகிறோம். அவர்களிடம் படிக்கும் பிள்ளைகள் எழுதிய பதிவேடுகளை, அடித்தல் திருத்தலோடு வாங்கிப் படித்து, அவற்றுக்கும் மதிப்பெண் வழங்குங்கள். வரும் வாடைக் காலத்திலேயே அதைத் தொடங்கலாம். பதிவேடுகளைப் படித்துப் பார்க்கப் பேராசிரியர் இசைந்திருக்கிறார்.