ராபர்ட் ரிச் எங்கே?

விழாத் தலைவர் அவர்களே, கல்யாண வரவேற்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் கவுன்சிலர் அவர்களே, அரங்கை வாடகையில்லாமல் தந்த நூலகர் அம்மா அவர்களே, பொன்னாடையைவிட நீளமாக என்னை அறிமுகம் செய்த செயலாளர் தம்பி அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் டால்டன் ட்ரம்போவைப் பற்றி மூன்று செய்திகள் குறித்து வந்தேன். அவர் சிறை சென்றது, அவர் பெயர் காணாமல் போனது, அவர் இயக்கிய படம்.

1947-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று, கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்கிறாயா என்று அவரைக் கேட்டது. இருந்தவர்தான். ஆனால் அதைக் கேட்க உனக்கு ஏது உரிமை என்பது அவர் வாதம். அவரும் இன்னும் ஒன்பது பேரும் பதில் சொல்ல மறுத்தார்கள். ஸ்டுடியோக்கள் கதவைச் சாத்தின, 1950-இல் சிறை. அதோடு முதல் செய்தி முடிந்தது.

வெளியே வந்தவர் வேறு வேறு பெயர்களில், குறைந்த கூலிக்கு எழுதினார். குளியல் தொட்டியில் உட்கார்ந்து, குறுக்கே பலகை போட்டு எழுதுவாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? மறைக்கப் பார்த்தார்கள்!

1957 ஆஸ்கார் விழா. சிறந்த கதைக்கான விருது, 'தி பிரேவ் ஒன்' படத்துக்கு. மெக்சிகோவில் ஒரு சிறுவனும் அவன் காளையும், அதுதான் கதை. எழுதியவர் ராபர்ட் ரிச் என்று அறிவிக்கிறார்கள். கைதட்டல். ஆள் வரவில்லை! எழுத்தாளர் சங்கத்துக்காக ஜெஸ்ஸி லாஸ்கி ஜூனியர் மேடையேறுகிறார். "ரிச்சின் மனைவிக்குப் பிரசவ நேரம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்று சொல்லி வாங்கிக்கொள்கிறார். மறுநாள் சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டினால் அப்படி ஓர் உறுப்பினரே இல்லை. பத்திரிகைக்காரர்கள் துளைக்கிறார்கள். ரிச் என்பது தயாரிப்பாளர்களின் உறவுக்காரப் பையன் ஒருவனின் பெயர். அந்தப் பிள்ளை கதையில் ஒரு வரி எழுதியவரில்லை! பிரசவமும் இல்லை, பிள்ளையும் இல்லை, கதை மட்டும் பிறந்திருக்கிறது. சிலை ட்ரம்போவின் கைக்கு வந்தது 1975-இல். அடுத்த ஆண்டு காலமானார். அவர் எழுதி வேறொருவர் பெயரில் வந்த 'ரோமன் ஹாலிடே' படக் கதைக்கான சிலையை 1993-இல் அவர் மனைவி வாங்கினார். பூசணிக்காய், ஐயா, பூசணிக்காய்!

இப்போது நம் அழைப்பிதழைப் பாருங்கள். நாளை போடும் படத்துக்கு இயக்குநர் பெயர் இருக்கிறது, நடிகர் பெயர் இருக்கிறது, மைக் செட் அண்ணன் பெயர்கூடக் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எழுதியவர் பெயர்? செயலாளர் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆறு வருஷமாக இதைத்தான் கேட்கிறேன்: நோட்டீசில் எழுதியவருக்கும் ஒரு வரி கொடுங்கள்.

மூன்றாவது செய்தி, அவர் இயக்கிய ஒரே படம். தன் நாவலையே 1971-இல் படமாக்கினார்; போரில் கை, கால், முகம் இழந்த சிப்பாயின் கதை. கான் விழாவில் பரிசு பெற்றது. அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும். நூலகர் அம்மா தேதி தருவார்.

கையெழுத்து நோட்டு சுற்றில் இருக்கிறது. பின்வரிசைக்கு வரவில்லை என்கிறார்கள். கவுன்சிலர் அவர்களே, உங்களிடம்தான் நிற்கிறதா? போட்டுவிட்டுப் பின்னால் தள்ளுங்கள், பேனா என்னிடம் இருக்கிறது.