விசிட்டிங் கார்டுல வீட்டு அட்ரஸ் போட்டு நான் பட்ட பாடு

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்னைக்குப் பேசப்போறது ரொம்ப சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இதே விஷயத்துல நான் மூணு தடவ அடி வாங்கியிருக்கேன், அதனாலதான் கேமராவ வெச்சுட்டு உக்காந்துட்டேன். விசிட்டிங் கார்டு. இதோ பாருங்க… ஒரு நிமிஷம், ஃபோகஸ் என் மூஞ்சியிலயே நிக்குது, கார்டுக்கு வரமாட்டேங்குது… ஆங், வந்துருச்சு. இது நான் முதமுதல்ல அடிச்ச கார்டு. மேல ஸ்டிக்கர் ஸ்டிக்கரா ஒட்டியிருக்கேன்ல, ஏன் ஒட்டியிருக்கேன்னு கேட்டீங்கன்னா அதுதான் இன்னைக்கு வீடியோவே.

நான் வீட்ல இருந்தே வீடியோ எடிட்டிங் பண்றேன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். ஆரம்பிச்ச புதுசுல கார்டு அடிக்கணும்னு போனப்ப பிரஸ்ல டிசைன் பண்றவரு, என்னென்ன மேட்டர் வரணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கன்னாரு. நான் எழுதினேன் பாருங்க… பேரு, ரெண்டு டிகிரி, கதவு நம்பரோட வீட்டு அட்ரஸ், ரெண்டு மொபைல் நம்பர், அதுல ஒண்ணு எங்க வீட்டுக்காரரோடது, ஒரு லேண்ட்லைன், மெயில், நாலு சோஷியல் மீடியா ஐடி. வேலைக்கு அனுப்புற பயோடேட்டாவுல கூட நான் இவ்ளோ போட்டதில்ல. கார்டோட மொத்த இடமே 85 மில்லிமீட்டருக்கு 55 மில்லிமீட்டர்தான், கிட்டத்தட்ட ஏடிஎம் கார்டு சைஸ், சில நாட்ல இன்னும் கொஞ்சம் ஒல்லியா மூணரை இன்ச்சுக்கு ரெண்டு இன்ச்சுன்னு அடிப்பாங்க. அதுக்குள்ள இத்தனையும் திணிச்சா எழுத்து எவ்ளோ பொடிசாகும்! ஏழு பாயிண்ட்டுக்குக் கீழ போனாலே கண்ணுக்குக் கஷ்டம், என்னோடது அஞ்சு பாயிண்ட். அவரு பாவம் ரெண்டு தடவ சொல்லிப் பாத்தாரு, நான்தான் கேக்கல, காசு குடுத்து அடிக்கிறோம் எல்லாம் இருக்கட்டுமேன்னு ஒரு நெனப்பு.

முதல் அடி வீட்டு அட்ரஸ். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, நான் தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு உக்காந்திருக்கேன், பெல் அடிக்குது, திறந்தா முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் கையில ஹார்ட் டிஸ்க்கோட நிக்கிறாரு. எடிட் பண்ணணும், அவசரம், கார்டுல அட்ரஸ் இருந்துச்சு அதான் நேரா வந்துட்டேன்ங்கிறாரு. நல்ல மனுஷன்தான், தப்பா ஒண்ணும் இல்ல, வேலையும் முடிச்சுக் குடுத்தேன். ஆனா அவரு போனப்புறம்தான் உறைச்சது, அந்தக் கார்ட நான் அவருக்குக் குடுக்கவே இல்லையே! நான் ஒருத்தருக்குக் குடுத்தது, அவரு இன்னொருத்தருக்குக் குடுத்து, அங்க மேஜையில கெடந்தத இவரு எடுத்துட்டு வந்திருக்காரு. நாம ஒரு ஆளப் பாத்து, பேசி, நம்பிதான் கார்ட நீட்டுறோம், ஆனா கார்டு நம்மகிட்ட கேட்டுட்டா அடுத்த கைக்குப் போகுது? யாராவது போட்டோ எடுத்து குரூப்ல போட்டா போச்சு, கார்ட ஸ்கேன் பண்ணி கான்டாக்ட்டா மாத்துற ஆப் வேற இருக்கு. போனத திரும்ப வாங்கவே முடியாது. அன்னைலேர்ந்து எந்த விஷயத்த கார்டுல போடலாமான்னு யோசிச்சாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்குறேன், இது எனக்குத் தெரியாத மூணாவது ஆள் கையில இருந்தா பரவாயில்லையா?

கடை வெச்சிருக்கீங்க, ஸ்டுடியோ இருக்கு, ஆளுங்க நேர்ல வரணும்னா அட்ரஸ் போட்டுத்தான் ஆகணும், அது வேற கதை. வீட்ல இருந்து வேலை பாக்குறவங்களுக்குச் சொல்றேன், ஊர் பேரோட நிறுத்திக்கோங்க. எந்த ஊர்ல இருக்கீங்கன்னு தெரிஞ்சாலே கிளையன்ட்டுக்குப் போதும்.

ரெண்டாவது அடி போன் நம்பர், இதுதான் எனக்குப் பெரிய விஷயமா தோணுது. நம்பர் இல்லாம கார்டே இல்லைன்னு எல்லாரும் சொல்லுவீங்க, கரெக்ட்தான், ஆனா எந்த நம்பர்? என்னோட பழைய கார்டுல இருந்தது என் பேங்க்ல குடுத்திருந்த அதே நம்பர். ஓடிபி வர்றது அதுலதான், மெயில் பாஸ்வேர்டு மறந்தா மாத்துறதும் அத வெச்சுதான், அதே நம்பர்ல வாட்ஸ்அப், வாட்ஸ்அப் டிபில என் பையன் யூனிஃபார்ம் போட்டு நிக்கிற போட்டோ, சட்டையில ஸ்கூல் பேரு. நம்பர சேவ் பண்ற யாரு வேணா அதப் பாக்கலாம், ஏன்னா செட்டிங்ஸ்ல எல்லாரும் பாக்கலாம்னு இருந்துச்சு, நான் மாத்தவே இல்ல. யோசிச்சுப் பாருங்க, கார்டுல என் பையனப் பத்தி ஒரு எழுத்து இல்ல, ஆனா கார்டு வழியா அவன் ஸ்கூல் வரைக்கும் போயிடலாம். இது எனக்குத் தெரிஞ்ச அன்னைக்கு நைட்டு தூக்கமே வரல. அப்புறம் நாமதான்னு ஏமாத்தி நம்ம நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிட்டு ஓடிபிய எடுக்குற மோசடி இருக்குல்ல, அதுக்கு நம்ம பேரு, நம்பர், பிறந்த தேதி, அட்ரஸ்னு நாலு விவரம் சேர்ந்தாலே பாதி வேலை முடிஞ்சுது, அதுல மூண நானே கலர் பிரிண்ட் போட்டு ஊருக்குக் குடுத்திருக்கேன்.

இப்ப வேலைக்குன்னு தனி சிம். பேங்க்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, டிபில லோகோ மட்டும்தான், ராத்திரி எட்டு மணிக்கு மேல சைலன்ட். ஆங், சொல்ல மறந்துட்டேன், எங்க வீட்டுக்காரர் நம்பர் போட்டேன்ல, அவரு ஆபீஸ் மீட்டிங்ல இருக்கும்போது போன் பண்ணி ஒரு நிமிஷ வீடியோவுக்கு என்ன ரேட்டுன்னு கேட்டிருக்காங்க, அவரு ஏதோ வாய்க்கு வந்த ரேட்ட சொல்லிட்டாரு, அந்த ரேட்டுக்கே நான் பண்ண வேண்டியதாப் போச்சு. சிரிக்காதீங்க.

மூணாவது அடி கியூஆர் கோடு. இத நல்லா கேளுங்க, ஏன்னா இது எனக்கே பிடிபட மூணு மாசம் ஆச்சு. ரெண்டாவது தடவ கார்டு அடிச்சப்ப அட்ரஸ எடுத்துட்டேன், பழைய நம்பர எடுத்துட்டேன், பாக்கவே நீட்டா இருந்துச்சு, பின்பக்கம் ஒரு கியூஆர், ஸ்கேன் பண்ணா நேரா கான்டாக்ட்டா சேவ் ஆகும். அத எப்படி செஞ்சேன்னா, என் போன்ல இருக்குற என்னோட சொந்த கான்டாக்ட்ட ஷேர் பண்ணி, அதுல வந்த விகார்டு ஃபைல, அதாவது கான்டாக்ட்ல இருக்குற விவரம் மொத்தமும் இருக்குற ஃபைல, அப்படியே கியூஆரா மாத்திட்டேன். அதுக்குள்ள என்னென்ன இருந்துச்சு தெரியுமா? வீட்டு அட்ரஸ், பிறந்த நாள் வருஷத்தோட, பேங்க்ல குடுத்திருந்த அந்தப் பழைய போன் நம்பர், எல்லாமே! முன்னாடி அழிச்சதெல்லாம் பின்னாடி கட்டம் கட்டமா உக்காந்திருக்கு. தெரியாத ஒருத்தர் எனக்கு பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினதாலதான் கண்டுபிடிச்சேன்.

அதுக்கு முன்னாடியே ஒரு க்ளூ இருந்துச்சு, நான்தான் கவனிக்கல. அந்த கியூஆர் பொடிப்பொடி கட்டமா இருக்கும், நிறைய போன்ல ஸ்கேனே ஆகாது. உள்ள விவரம் ஏற ஏற கட்டம் எண்ணிக்கை ஏறும், மிகச் சின்ன கியூஆர்ல ஒரு வரிசைக்கு 21 கட்டம், மிகப் பெரிசுல 177. கார்டுல நாம குடுக்குற இடமோ ரெண்டு சென்டிமீட்டர், அதுக்குள்ள அத்தன கட்டமும் வரணும்னா கடுகு சைஸ் கூட இருக்காது. இப்ப என் கியூஆர்ல பேரு, வேலை நம்பர், வெப்சைட், அவ்ளோதான், பட்டுன்னு பிடிக்குது. நீங்க கார்டு அடிக்கக் குடுக்குறதுக்கு முன்னாடி ப்ரூஃப்ல இருக்குற கியூஆர வேற ஒருத்தர் போன்ல ஸ்கேன் பண்ணி, வர்றத ஒவ்வொரு வரியா படிங்க. உங்க போன்ல பண்ணாதீங்க, அதுல உங்க கான்டாக்ட் ஏற்கெனவே இருக்கும், குழப்பிவிட்டுரும்.

மத்ததெல்லாம் சட்டு சட்டுனு சொல்லிடுறேன். மெயில் ஐடில பிறந்த வருஷம் இருந்தா வேலைக்குன்னு வேற ஒண்ணு ஆரம்பிச்சிடுங்க, வயச ஏன் அச்சடிச்சுக் குடுக்கணும். டிகிரி, அந்தத் தொழில்ல அது முக்கியம்னா போடுங்க, நான் படிச்ச கெமிஸ்ட்ரிக்கும் எடிட்டிங்குக்கும் என்ன சம்பந்தம், எடுத்துட்டேன். சோஷியல் மீடியால வேலைய காட்டுற ஒரு ஐடி போதும், மச்சானோட கோவைப்பழம் மாதிரி சிவந்த மூஞ்சி போட்டோ இருக்குற பர்சனல் ஐடி எதுக்கு? போட்டோ போடலாமான்னு கேட்டா, எனக்குப் பிடிக்காது, ஆனா நிறைய பேர சந்திக்கிற வேலையில இருக்குறவங்களுக்கு, யாரு கார்டுன்னு ஞாபகம் வர அது உதவும்தான். பேரு மட்டும் ஜனங்க உங்கள எப்படிக் கூப்புடுறாங்களோ, எப்படித் தேடுவாங்களோ அப்படியே இருக்கட்டும், சர்டிபிகேட்ல இருக்குற முழுப் பேரத்தான் போடணும்னு ஒண்ணும் இல்ல.

அப்ப நெருக்கமான கிளையன்ட்டுக்கு சொந்த நம்பர் குடுக்கணும்னா என்ன பண்றது? ரெண்டு வகை கார்டு வெச்சுக்கோங்கன்னு சிலர் சொல்றாங்க, நானும் வெச்சுப் பாத்தேன், அவசரத்துல மாத்திக் குடுத்துட்டேன், சரிப்படல. இப்ப பின்பக்கம் பாதிய சும்மா விட்டிருக்கேன், வேணும்ங்கிறவங்களுக்கு அங்கயே பேனால எழுதிக் குடுப்பேன். கையால எழுதிக் குடுத்தா அவங்களுக்கும் ஒரு சந்தோஷம், மூஞ்சியிலயே தெரியுது. ஒரே பிரச்சனை, நான் பளபளன்னு லேமினேஷன் போட்டுத் தொலைச்சுட்டேன், பேனா வழுக்குது, எழுதினாலும் விரல் பட்டா மையெல்லாம் இழுக்குது, பாருங்க இத. அடுத்த தடவ பின்பக்கம் லேமினேஷன் இல்லாம அடிக்கச் சொல்லியிருக்கேன்.

பழைய கார்டு இன்னும் ஒரு டப்பா நெறைய இருக்கு, இதோ. வீட்டுக்காரர், பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு, மளிகை லிஸ்ட் எழுதிக்கலாமேங்கிறாரு. லிஸ்ட்ட கடையில குடுத்தா முன்பக்கம் அட்ரஸும் சேர்ந்துதானே போகும்! அதனால கத்திரிக்கோல் எடுத்துட்டு உக்காந்திருக்கேன், கேமரா ஆஃப் பண்ணிட்டு இத வெட்டணும், நீங்க கமென்ட்ல உங்க கார்டுல என்ன போட்டிருக்கீங்கன்னு சொல்லுங்க… நம்பர மட்டும் கமென்ட்ல போட்டுடாதீங்க சாமி.