கல்லைக் கண்டா நாயைக் காணோம்: கரிகாலன் பிழைச்ச கதைக்கு ஒரு வாழ்த்துரை

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கற தலைவர் ஐயா அவர்களே, முட்டி வலியோட மூணு மாடி ஏறி வந்திருக்கற பொருளாளர் அம்மா அவர்களே (லிஃப்ட் விஷயம் போன கூட்டத்துலயே பேசியாச்சு, இப்ப கிளப்பல), ஹாலை வாடகை வாங்காம குடுத்த, நம்மள விட நல்லாத் தமிழ் பேசற கன்னட நண்பர் அவர்களே, நிமகெல்லா நமஸ்கார, பின்னாடி ரசத்துக்குப் பக்கத்துலயே இடம் பிடிச்சு உக்காந்திருக்கற பெரியவங்களே, யாரையாவது விட்டிருந்தா சாப்பிடறப்போ திட்டிக்கோங்க.

இன்னிக்கு என் சிநேகிதி எழுதின ஃபேன் ஃபிக்ஷனைப் பத்தி மூணு விஷயம் சொல்லணும். ஒண்ணு கதை, ரெண்டாவது அதுல வர்ற பொம்பளைங்க, மூணாவது நடை. ஃபேன் ஃபிக்ஷன்னா என்னன்னு தலைவர் கேட்டாரு, ஒருத்தர் கட்டின வீட்டுல இன்னொருத்தர் போய் மாடி எடுக்கறது ஐயா. அதுலயே ஆல்டர்நேட் யுனிவர்ஸ்னு ஒண்ணு, அஸ்திவாரத்துல ஒரே ஒரு கல்லை மாத்திட்டு வீடு எப்படி நிக்குதுன்னு பாக்கறது.

இவங்க மாத்தின கல்லு எதுன்னா, பொன்னியின் செல்வன்ல ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில சாகறான் இல்லையா, இவங்க கதையில அவன் குதிரைக்கு லாடம் கழண்டு ஒரு நாள் லேட்டா வர்றான், காயத்தோட பிழைச்சுடறான். அவ்ளோதான். ஆனா அவன் பிழைச்சா அவன்தானே ராஜா, அப்ப அருள்மொழி ராஜராஜன் ஆகல, ராஜராஜன் இல்லன்னா 1010ல முடிஞ்ச தஞ்சாவூர் பெரிய கோயிலும் இல்ல! ஒரு அத்தியாயம் முழுக்க ஒரு வயசான கல்தச்சன் ஒரு எள்ளு வயல் வரப்புல உக்காந்து சும்மா வானத்தையே பாத்துக்கிட்டு இருக்கான், என்ன தாத்தா பாக்கறேன்னு பேரன் கேட்டா, தெரியல, இங்க என்னமோ இருக்கணும்னு தோணுதுங்கறான். இருநூறு அடிக்கு மேல நிக்கற விமானம், அது இருந்த இடத்துல எள்ளுப்பூ. நான் படிச்சுட்டு போனைக் கவுத்து வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

எங்க பெரியம்மா ஒரு பழமொழி சொல்வாங்க, உங்களுக்கும் தெரியும், கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம். தெரு நாயை அடிக்கறதைப் பத்தி இல்ல அது, கல்லுல செதுக்கின நாயைப் பத்தின்னு சொல்வாங்க. சிலையா பாத்தா கல்லு மறைஞ்சுடும், கல்லா பாத்தா நாய் மறைஞ்சுடும். இதை நான் எல்லா மேடையிலயும் சொல்றேன்னு வீட்டுல கிண்டல் பண்றாங்க, இருக்கட்டும்.

போன மாசம் நானும் இவங்களும் நம்ம பெங்களூர் மெஜஸ்டிக்ல மெட்ரோ பர்ப்பிள் லைன் ஏறினோம், இந்திராநகர்ல இறங்கணும். இவங்க அப்பதான் எழுதினதை போன்ல பாத்து மெதுவா படிச்சுக் காட்டறாங்க, கப்பன் பார்க் தாண்டறப்போ கரிகாலன் கண்ணைத் திறந்து தண்ணி கேக்கறான். பக்கத்து சீட்டுல மடியில கறிவேப்பிலைக் கட்டோட ஒரு பாட்டி. "ஏம்மா, யாரு தண்ணி கேக்கறது?" கரிகாலன் பாட்டி. "எந்தக் கரிகாலன், கடம்பூர்ல செத்தானே அவனா?" இதுல சாகல பாட்டி. பாட்டி கட்டை நகர்த்தி வச்சிட்டுத் திரும்பி உக்காந்துட்டாங்க. "சாகலையா? நான் கல்யாணமாகி சிவாஜிநகர்ல ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்த புதுசு, பைண்டு பண்ணின புக்கு வீடு வீடா சுத்தும், நம்ம முறைக்கு ரெண்டே நாள்தான், அவன் செத்த அன்னிக்கு நான் சோறு திங்கல. இப்ப வந்து சாகலைங்கறியே, அப்ப நான் பட்டினி கெடந்தது?" கோச்சே சிரிக்குது. பாட்டி இறங்க வேண்டிய அலசூரும் போச்சு, எங்க இந்திராநகரும் போச்சு, பையப்பனஹள்ளி பிளாட்பாரத்துல பெஞ்சுல உக்காந்து சண்டை நடக்குது. கடைசியில பாட்டி, "சரி, பொழச்சுட்டான்னே வச்சுக்கறேன், அப்ப நந்தினி என்ன ஆனா?"ன்னாங்க. என் சிநேகிதி வாயடைச்சுப் போய்ட்டாங்க, ஏன்னா அதை இன்னும் எழுதல. அன்னிக்கு ராத்திரியே ரெண்டு அத்தியாயம் எழுதினாங்க, மொத்த கதையிலயும் அது ரெண்டுதான் உசத்தின்னு நான் சொல்வேன். பாட்டிக்கு கறிவேப்பிலை வாடிப்போச்சு, அது வேற கதை.

செயலாளர் வாட்சைப் பாக்கறாரு. சரி, முக்கியமானதுக்கு வர்றேன்.

கரிகாலனைக் கொன்னவங்க பேரு கல்கி கற்பனையில உதிச்சதில்ல. காட்டுமன்னார்கோயில் பக்கத்துல உடையார்குடி சிவன் கோயில்ல ஒரு கல்வெட்டு, ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சியாண்டு, கரிகாலனைக் கொன்ன துரோகிங்களோட, அவங்க சொந்தக்காரங்களோட சொத்து பறிமுதலானதைப் பத்தி. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேரு வெட்டியிருக்கு. பாக்கப்போனா ஒரு நிலப் பத்திரம் மாதிரி. அதுலேர்ந்து 1950லேர்ந்து 54 வரைக்கும் வாராவாரம் ஒரு தொடர்கதை, அதுலேர்ந்து இன்னிக்கு நம்ம பெங்களூர்ல உக்காந்து ஒருத்தங்க இன்னொரு உலகம். கதையில மயங்கினவனுக்குக் கல்லு தெரியாது, கல்லுல மயங்கினவனுக்குக் கதை தெரியாது, பெரியம்மா சொன்னதுதான், ஆனா இவங்களுக்கு ரெண்டும் தெரியுது.

நமக்கு? டொம்லூர் வழியா ஆபீஸ் போறவங்க கை தூக்குங்க. இவ்ளோ பேரா! அங்க சொக்கநாதர் கோயில் இருக்கு, சொக்கநாதர்னதும் சிவன்னு நினைப்பீங்க, இல்ல, பெருமாள். பதிமூணாம் நூற்றாண்டு தமிழ்க் கல்வெட்டு இருக்கு. கோலாரம்மா கோயிலுக்குப் போனா ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழே இருக்கு. இந்தப் பெங்களூர்லயே பொறந்த கல்வெட்டு ஆராய்ச்சியாளர் ரைஸ் துரை, 1905லயே எபிகிராஃபியா கர்நாடிகாங்கற கல்வெட்டுத் தொகுப்போட ஒன்பதாவது தொகுதியில பெங்களூர் ஜில்லா கல்வெட்டையெல்லாம் அச்சுல போட்டுட்டாரு. நாம செல்ஃபி எடுக்கறப்போ அதுமேல சாஞ்சுக்கறோம். நான் போற ஒரு கோயில்ல, பேரு வேணாம், எழுத்து இருந்த கல்லு மேல பளபளன்னு எனாமல் பெயிண்ட் அடிச்சுட்டாங்க, கேட்டா கும்பாபிஷேகம் சார்ங்கறாங்க. எந்தக் கதைக்கு விதையோ அது, போச்சு. அதனாலதான் மூணு வருஷமா கத்தறேன், மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கல்வெட்டு படிக்கற கிளாஸ் வைங்கன்னு.

பொம்பளைங்களைப் பத்தியும் நடையைப் பத்தியும் சொல்றேன்னேன், டைம் இல்ல, பூங்குழலி வர்ற இடத்தையாவது நீங்களே படிச்சுக்கோங்க.

வாசல்ல ஒரு நோட்டு வச்சிருக்கேன், வர்ற ஞாயிறு காலைல ஏழு மணி, டொம்லூர் கோயில் வாசல், பேரும் நம்பரும் எழுதுங்க, தண்ணி பாட்டில் நீங்களே கொண்டு வாங்க. இப்ப மைக்கை எழுதினவங்க கையிலயே குடுக்கறேன். அம்மா, அந்த எள்ளு வயலை மட்டும் படிச்சுடுங்க, ரசம் காத்திருக்கும்.