அப்பா எங்க திரும்பி வந்தாரு?

நேயர்களுக்கு வணக்கம். அப்பாவப் பத்திப் பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. அவரு இருந்திருந்தா "என்னப் பத்தி என்னம்மா இருக்கு, பேர் போட்டேன், பென்சன் வாங்குனேன்"னு சிரிச்சிருப்பாரு. பேர்னா தேயிலைத் தோட்டத்துல ஒரு நாள் வேலைக் கணக்கு, பாதி நாள் செஞ்சா அரைப்பேர். கோத்தகிரி, கூடலூர் பக்கம் கேக்குறவங்களுக்கு இத நான் சொல்லவே வேணாம்.

அப்பா பொறந்தது இலங்கையில, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீட்ல. 1948 குடியுரிமைச் சட்டத்துல, இந்தியாவுலேர்ந்து தோட்டத்து வேலைக்குப் போன எங்க ஆளுங்க லட்சக்கணக்குல நாடில்லாதவங்களா ஆயிட்டாங்க, அப்புறம் 1964 அக்டோபர்ல அந்த நாட்டுப் பிரதமர் சிறிமாவோ அம்மாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்குன்னு பங்கு பிரிச்சாங்க, மிச்சம் ஒன்றரை லட்சத்த அப்புறமா பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க, கொழுந்து நிறுக்குற மாதிரி. எங்க குடும்பம் இந்தியாப் பங்கு. கட்டிக்கொடுத்திருந்த பெரியத்தை மட்டும் அங்கேயே.

1972ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கேர்ந்து மண்டபம் கேம்ப். இந்தக் கதைய எத்தன தடவ கேட்டாலும் எனக்குச் சலிக்காது. கேம்ப்ல குமாஸ்தா "சொந்த ஊரு?"ன்னாராம். அப்பா "ஹட்டன்". "அது இல்லப்பா, இந்தியாவுல". "இந்தியாவுல இப்பத்தாங்க எறங்குறேன்". குமாஸ்தாவுக்குக் கோவம் வந்து பேனாவ மூடிட்டாராம், தாத்தா ஓடிவந்து "துறையூர் பக்கமுங்க"ன்னு சமாதானம் பண்ணாராம். அந்த கேம்ப் முன்னாடி சிலோன் சர்க்காரு, தோட்டத்துக்குப் போற ஆளுங்கள நிறுத்தி வச்சு அனுப்புன எடம், தாத்தா சின்னப் பையனா அது வழியாத்தான் போயிருக்காரு. "இங்கதான்டா எனக்கு ஊசி போட்டாங்க"ன்னு கையில இருந்த அம்மைத் தழும்பக் காட்டுனாராம். அவரு திரும்பி வந்தவரு, சரி. அப்பா?

ஆனா கார்டுல எல்லாருக்கும் ஒரே பேருதான், தாயகம் திரும்பியோர். எனக்கு இந்த வார்த்தை மேல தீராத கோவம், வீட்ல கிண்டல்கூட பண்ணுவாங்க. போகாத எடத்துக்கு ஒருத்தர் எப்படிங்க திரும்ப முடியும்? மறுபடியும் கேக்குறேன், எப்படி?

துறையூர் பக்கத்து கிராமத்துக்கும் போயிருக்காங்க. பங்காளிங்க, நெலத்துல பங்கு கேட்டு வந்துட்டாங்களோன்னு பயந்து காப்பி கொடுத்து, கையோட "கடைசி பஸ்ஸு அஞ்சரைக்கு"ன்னாங்களாம். அப்பா அத சொல்லும்போது சிரிப்பாரு, தாத்தா எழுந்து வெளிய போயிடுவாரு.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெரலக் காட்டுறாங்க, ரெண்டு நிமிஷமாம். டான்டீ, அதான் தமிழ்நாடு அரசாங்கத் தேயிலைத் தோட்டம், அது பத்தி நெறைய குறிச்சு வச்சிருந்தேன். 1968ல எங்கள மாதிரி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசாங்கம் அந்தத் தோட்டங்கள ஆரம்பிச்சுது, அப்பா அங்க காட்ட வெட்டி, கன்னு நட்டு, அதே தூருக்கே பின்னாடி கெளைய நறுக்கிக் கவ்வாத்தும் வெட்டுனாரு, குளிர்லயும் அட்டைக்கடியிலயும். இங்க கடைசி வரைக்கும் அவரு சிலோன்காரருதான்.

அவரு போனப்புறம் நான் ஹட்டன் போனேன். அதச் சொல்லத்தான் வந்ததே. பெரியத்தை, கண்ணு சரியாத் தெரியாது, என் மூஞ்சியத் தடவிப் பாத்துட்டு லயத்துக்கே கேக்குற மாதிரி கத்துனாங்க, "தம்பி மக திரும்பி வந்துட்டாடி!"

நான் திருத்தல. நேரம் முடிஞ்சுதுங்களா? சரி, வணக்கம்.